பலகையை அறுப்பதற்கு முன்னால்: ஏரியில் படகு அடம் பிடித்தால்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரையை மிரட்டிக்கொண்டு ஓடிக் காட்டியது. ராஜா மட்டும்தான் பாக்கி. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பாய்மரப் படகு செய்கிறேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்த வருஷத்தில் தை மாதம் வந்து பாருங்கள். பழைய வட ஆற்காடு முழுக்க ஏரிகள் தளும்பிக் கிடக்கும். வாலாஜா பக்கத்தில் 1850களில் கட்டிய பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, தூசி வரைக்கும் ஏரிகளை நிரப்புகின்றன. இரண்டு மூன்று மாதம் எங்களுக்கு அது போதும்.

நாங்கள் ஐந்தாறு பேர். காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் என்று சிதறிக் கிடக்கிறோம். மொட்டை மாடியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் செய்த எட்டடி, பத்தடிப் படகுகளைக் காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு கரையில் கூடுவோம். போட்டி, பரிசு எதுவும் கிடையாது. காலையில் இட்லி, மதியம் ஆம்பூரிலிருந்து வரும் பிரியாணி, நடுவில் படகு. புதிதாகப் படகு செய்து எடுத்துவருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் ஒன்றாகவே இருப்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

படகு சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால், 'கட்டினதுலயே தப்பு பண்ணிட்டேன்' என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. நான் சோதிக்கும் வரிசை இதுதான்: முதலில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம், அடுத்து கையில் இருக்கும் கயிறு, அப்புறம் கட்டிய முடிச்சுகள், எல்லாம் தீர்ந்தபிறகு கடைசியில் ரம்பம். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

எல்லோரும் ஒரே படகைக் கற்பனை செய்துகொள்ள வசதியாக என் படகைச் சொல்கிறேன். எட்டுக்கு நாலு பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பலகை, 6 மில்லிமீட்டர் கனம். மூட்டுகளில் எபாக்சிப் பசையும் ஃபைபர் துணியும். கல் மூங்கிலில் பாய்மரம். பாய், தார்ப்பாயில் வெட்டியது, 45 சதுர அடி. (ஆம்பூரில் அதை விற்ற பாயிடம் 'பாய், பாய்க்கு வேணும்' என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிப்போனது.) பாயின் தலையில் சாய்வாக ஒரு மேல்கழி, கடற்கரைக்காரர்கள் பருமல் என்பார்களே, அது. அடியில் ஒரு கீழ்க்கழி. இரண்டும் பாய்மரத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். படகின் வயிற்றில் ஒரு செங்குத்தான பெட்டி, அதன் வழியாகத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை. பின்னால் சுக்கான். கையில் பாய்க்கயிறு. அவ்வளவுதான் படகு.

தண்ணீரில் இறக்குவதற்கு முன் அனுமதி. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாய்ச்சும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன் குத்தகை எடுத்தவரையும் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர் வலை எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

காற்று வரும் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது

எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. நல்ல பந்தயப் படகே 45 டிகிரி அளவுக்குத்தான் நெருங்கும். நம் தார்ப்பாய்க்கு 55, 60 கிடைத்தாலே சந்தோஷம். ஆகவே மலைப்பாதை ஏறுவதுபோல வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வளைந்தும் ஏறவில்லை என்றால், பாய்க்கயிற்றை அளவுக்கு மீறி இழுத்து வைத்திருக்கிறீர்கள். புதியவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது இது. இறுக்கிப் பிடித்தால் வேகம் வரும் என்று கை தானாக நினைத்துக்கொள்கிறது. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பாயின் முன்விளிம்பு படபடக்க ஆரம்பிக்கும். அந்தப் படபடப்பு நிற்கிற வரைக்கும் மட்டும் திரும்ப இழுங்கள். அதுதான் சரியான இடம். காற்று கொஞ்சம் திசை மாறினாலும் இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

பழைய கேசட் டேப்பில் ஒரு சாண் நீளத் துண்டுகள் வெட்டி, பாயின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, இரண்டு பக்கமும் ஒட்டிவிடுங்கள். இரண்டும் பின்பக்கமாகப் படிந்து ஓடினால் சரி. காற்று போகும் பக்கத்து நாடா துடித்தால் கயிறு அதிக இறுக்கம், விடுங்கள். காற்று வரும் பக்கத்து நாடா துடித்தால் இழுங்கள், அல்லது படகை காற்றிலிருந்து சற்று விலக்கி ஓட்டுங்கள். செலவில்லாத வாத்தியார்.

நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்கிறது

இந்த உவமை என்னுடையது அல்ல. தெர்மாகோல் தெப்பத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைக் கடந்து போகும்போது, "இன்னா நைனா, உன் போட்டு நண்டு மாரி போவுது?" என்றார். குனிந்து பார்த்தேன். நடுப்பலகை பாதிதான் இறங்கியிருந்தது. பிளைவுட் மிதக்கும், அது தன் பாட்டுக்கு மேலே வந்துவிடுகிறது. சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, பலகையின் தலைமேல் போட்டுப் பெட்டியின் இரு பக்கமும் கொக்கியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. தரை தட்டினால் டியூப் இழுபட்டுப் பலகை மேலே வரும், உடையாது.

பலகை முழுக்க இறங்கியும் நகர்ந்தால் அளவைப் பாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பாகம் பாயின் பரப்பில் சுமார் 4 சதவீதம் இருக்க வேண்டும். 45 சதுர அடிப் பாய்க்கு ஓரடி அகலம், இரண்டடிக்குச் சற்றுக் குறைவான ஆழம். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாக்கி இழைத்திருக்க வேண்டும். வெட்டிய பலகையை அப்படியே சொருகினால் தண்ணீர் அதைச் சுற்றிச் சுழித்துக்கொண்டுதான் போகும்.

இன்னொன்று, படகு நின்ற நிலையில் எந்தப் பலகையும் வேலை செய்யாது. முதலில் காற்றுக்குக் குறுக்காக ஓட்டி வேகம் பிடியுங்கள், பிறகு மெல்ல மேலே திருப்புங்கள்.

திரும்பும்போது நட்ட நடுவில் நின்றுவிடுகிறது

முன்முனை காற்றைப் பார்த்து நின்றுவிடும். பாய் துணி காயப்போட்டது போல ஆடும். நீங்கள் சுக்கானை இங்கும் அங்கும் ஆட்டுவீர்கள், ஒன்றும் நடக்காது. எட்டடிப் படகுக்கு எடை குறைவு, அதனால் உந்தமும் குறைவு. வேகமில்லாமல் திருப்ப ஆரம்பித்தால் பாதியில் நிற்கத்தான் செய்யும். சுக்கானைப் படாரென்று தள்ளினாலும் அதுவே பிரேக் ஆகிவிடும். ஓட்டம் இருக்கும்போது, மெதுவாக ஆரம்பித்து, கடைசியில் அழுத்தித் திருப்புங்கள்.

நின்றுவிட்டதா, பதறாதீர்கள். கீழ்க்கழியைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். காற்று பாயின் மறுபக்கத்தில் அடித்துப் படகைப் பின்னோக்கித் தள்ளும். பின்னால் போகும்போது சுக்கான் காரை ரிவர்ஸ் எடுப்பது போல வேலை செய்யும்: பின்பக்கம் எந்தத் திசைக்குப் போக வேண்டுமோ அந்தத் திசைக்குச் சுக்கான் பலகை திரும்ப வேண்டும். முன்முனை காற்றிலிருந்து விலகியதும் கழியை விட்டுக் கயிற்றை இழுத்தால் ஓடிவிடும்.

சுக்கான் பிடி கையைப் பிடுங்குகிறது

இதற்குத்தான் என் முதல் வருஷம் பலியானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிடியை விட்டால் படகு மெல்லக் காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். அது நல்லது, நீங்கள் தவறி விழுந்தாலும் படகு உங்களை விட்டுவிட்டு ஓடாமல் நின்றுவிடும். ஆனால் எப்போதும் இரண்டு கையாலும் பிடியை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் ஏதோ கோளாறு. என் படகு அப்படித்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆகிவிடும். படித்துப் பார்த்ததில் நடுப்பலகை முன்னால் இருந்தால் இப்படி ஆகும் என்று இருந்தது. அது உண்மைதான். வீட்டுக்கு வந்து, ரம்பத்தை எடுத்து, அடிப்பலகையில் பிளவை அறுத்து, பெட்டியையே நாலு அங்குலம் பின்னால் தள்ளி வைத்தேன். மூன்று வாரம். எபாக்சிக்குக் கொடுத்த காசைச் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு இறக்கினால் பிடி கனம் அப்படியே இருக்கிறது. குடியாத்தத்து நண்பர் கரையிலிருந்தே கேட்டார்: "அண்ணே, சுக்கான் பலகை ஏன் வால் மாதிரி பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு?"

அதுதான் கோளாறு. ஆழம் குறைந்த ஏரிக்காக, தரை தட்டினால் மடங்கும்படி சுக்கானைச் செய்திருந்தேன். கீழே இழுத்துப் பிடிக்கும் சின்னக் கயிறு தளர்ந்து, பலகை மிதந்து பின்பக்கமாக நீண்டுவிட்டிருக்கிறது. சுழலும் அச்சை விட்டு அழுத்தம் பின்னால் போகப் போக, பிடி கனத்துக்கொண்டே போகும். கதவைக் கீல் பக்கமாகப் பிடித்துத் தள்ளிப்பாருங்கள், ஓரத்தைப் பிடித்துத் தள்ளிப்பாருங்கள். அந்தக் கணக்குதான், தலைகீழாக. கயிற்றை இறுக்கிக் கட்டினேன். கனம் போயிற்று. போனதோடு நிற்கவில்லை. நாலு அங்குலம் பின்னால் போன நடுப்பலகை இப்போது தன் குணத்தைக் காட்டியது: பிடியை விட்டால் படகு காற்றிலிருந்து விலகி ஓட ஆரம்பித்தது. இது முந்தையதைவிட ஆபத்து. பலத்த காற்றில் கை தவறினால் படகு நிற்காது, வேகமெடுத்துக் கவிழும். பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். என் படகின் அடியில் இரண்டு ஒட்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

ஆகவே வரிசை இது. சுக்கான் பலகை முழுக்கச் செங்குத்தாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறதா? சாய்ந்த படகு எப்போதும் காற்றை நோக்கித் திரும்பத்தான் பார்க்கும். காற்று வரும் பக்கத்து விளிம்பில் ஏறி உட்கார்ந்து படகைச் சமன் செய்தாலே பாதி கனம் போய்விடும். பாய்க்கயிற்றையும் கொஞ்சம் விடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் முடிச்சுக்கு வாருங்கள்: மேல்கழியையும் கீழ்க்கழியையும் பாய்மரத்தோடு கட்டியிருக்கும் இடத்தை மாற்றி, பாய் முழுவதையும் மூன்று அங்குலம் முன்னால் தள்ளுங்கள். பிடியை விட்டால் படகு காற்றிலிருந்து விலகுகிறது என்றால் அதே அளவு பின்னால். இந்தப் பாய் வகையை நான் விரும்புவதற்கே காரணம் இதுதான், ரம்பம் செய்யும் வேலையை ஒரு முடிச்சு செய்துவிடும்.

பாயில் குறுக்குச் சுருக்கம் விழுகிறது

முன்பக்க மேல்மூலையிலிருந்து பின்பக்கக் கீழ்மூலைக்குச் சுருக்கம் ஓடினால், பாயைக் கீழே இழுத்துக் கட்டும் கயிறு தளர்ந்திருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இழுக்க வேண்டும். கரையில் நிற்கும்போது எதிர்த்திசையில், அதாவது பின்பக்க உச்சியிலிருந்து முன்பக்கக் கீழ்மூலைக்கு, லேசாக ஒரு சுருக்கம் விழும்வரை இழுங்கள். காற்று நிறைந்ததும் அது மறைந்துவிடும். மறையாவிட்டால் கொஞ்சம் விடுங்கள்.

சுருக்கமே இல்லை, ஆனால் பாய் பலகை மாதிரி தட்டையாக நிற்கிறது என்றால் வெட்டியதில் குறை. தார்ப்பாயை நேர்கோட்டில் வெட்டியிருப்பீர்கள். விளிம்பு நடுவில் இரண்டு மூன்று அங்குலம் புடைத்த வளைவாக இருந்தால்தான், நேரான கழியில் கட்டும்போது வயிறு வரும். இதைக் கரையில் சரிசெய்ய முடியாது. அன்றைக்கு அப்படியே ஓட்டிவிட்டு வாருங்கள், தட்டைப் பாயும் ஓடும். கயிறு கோக்கும் ஐலெட் வளையம் பிய்த்துக்கொண்டு வந்தால் அந்த மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தார்ப்பாயோடு சேர்த்துப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். சாயங்காலம் வரை தாங்கும்.

பாய்மரம் டக், டக் என்கிறது

மரம் தன் துளையில் ஆடுகிறது. மூங்கிலில் இரண்டு துளைக்கும் ஒரே பருமன் கிடைக்காது, எப்போதும் இடைவெளி இருக்கும். மரச்சக்கை வைத்தால் அரை மணியில் கழன்று விழுகிறது. எங்கள் ஜில்லாவுக்கே உரிய மருந்து ஒன்று உண்டு: தோல். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் செருப்புக் கம்பெனிகளில் விழும் கழிவுத் துண்டு, கனமான அடித்தோல் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஐந்து நிமிஷம் ஏரித் தண்ணீரில் ஊறப்போட்டு, மரத்தைச் சுற்றிச் சொருகிக் கட்டையால் தட்டி இறக்குங்கள். ஈரத் தோல் மூங்கிலின் கணு, மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்து அப்படியே பிடித்துக்கொள்ளும். சத்தம் நின்றுவிடும். மேல்கழி மரத்தில் உரசும் இடத்திலும் ஒரு துண்டு சுற்றிவிட்டால் கயிறும் தேயாது.

டக் இல்லாமல் 'டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அது வேறு. மூங்கில் பிளக்கிறது. பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு போட்டுக் கரைக்கு வாருங்கள்.

உள்ளே தண்ணீர் வருகிறது

முதல் கேள்வி, தண்ணீர் வடியும் துளைக்கு அடைப்பான் போட்டீர்களா? வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் ஒருமுறை மறந்திருக்கிறோம்.

அடுத்து, ஒழுகலா தெறிப்பா என்று பிரிக்க வேண்டும். ஸ்பாஞ்சால் ஒற்றித் துடைத்துவிட்டு, இடுப்பளவு ஆழத்தில் படகைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். உள்ளே உலர்ந்தே இருந்தால் ஒழுகல் இல்லை. ஓடும்போது மட்டும் வருகிறது என்றால், நடுப்பலகைப் பெட்டியின் வாய் வழியாகக் குமிழியிட்டு மேலே வருகிறதா என்று பாருங்கள். அதே சைக்கிள் டியூபை வாய்க்குக் குறுக்கே இரண்டு உதடு போல ஒட்டினால் நின்றுவிடும்.

சும்மா நிற்கும்போதே வருகிறது என்றால் தண்ணீருக்குள் ஓட்டையைத் தேடாதீர்கள், கிடைக்காது. படகைக் கரைக்கு ஏற்றி, இரண்டு டயர்மேல் வைத்து, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். இப்போது கோலமாவு. எல்லா மூட்டுகளின் மேலும், பெட்டியின் அடிவாய் சுற்றியும் விரலால் உலர்ந்த மாவைத் தேய்த்துவிடுங்கள். பிறகு படகுக்குள் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நிரப்ப வேண்டாம், 6 மில்லிமீட்டர் பலகை அந்த எடையைத் தாங்காது. ஒருவர் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்க்க, தண்ணீர் ஒவ்வொரு மூட்டாகப் போய்த் தேங்கும். வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மாவைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு வெள்ளைக் கோட்டில் ஒரு ஊசிமுனைப் புள்ளி சாம்பல் நிறமாகும், அது நூல் போலக் கீழே இழையும். பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த படகுகளில் அந்தப் புள்ளி அதிகம் விழுவது பெட்டி அடிப்பலகையோடு சேரும் மூலையில்தான். நடுப்பலகை நெம்பும் விசை எல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது.

அன்றைக்கு எம்-சீல் பிசைந்து அடைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்ச் சரியாகச் செய்வதென்றால் ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, உரசி, எபாக்சியில் மரத்தூள் குழைத்து மூலையை நிரப்பி, மேலே ஃபைபர் துணி. எங்கள் ஊர் வெயிலில் ஒரு எச்சரிக்கை: சித்திரை மத்தியானம் ஒரு மக்கு நிறைய எபாக்சி கலக்கி வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து, மக்கும் உருகி, கல்லாகிவிடும். விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில் பரப்பி வேலை செய்யுங்கள். சீக்கிரம் இறுகுகிறதே என்று, இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரைக் குறைத்தால் அது கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

காற்றுப் பெட்டிக்கு ஓட்டையே இல்லை, ஆனால் உள்ளே தண்ணீர்

இது என்னை ரொம்ப நாள் குழப்பியது. முன்னும் பின்னும் மிதப்புக்காக மூடி வைத்த பெட்டிகள், கோலமாவு போட்டாலும் காட்டாது. விஷயம் வெயிலில் இருக்கிறது. கார் கூரைமேல் வரும்போது பெட்டிக்குள் காற்று சூடாகிறது. 25 டிகிரியிலிருந்து 45க்குப் போனால், மூடிய பெட்டியில் அழுத்தம் சுமார் 7 சதவீதம் ஏறும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு சதுர அடிப் பலகைமேல் அது 60 கிலோவுக்கு மேல். பலகை புடைக்கும், மூட்டில் மயிரிழைக்கும் மெல்லிய ஒரு வழி கிடைத்துக் காற்று வெளியேறும். அப்புறம் படகைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் உள்ளே இருப்பது சுருங்கும், அதே வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் இருக்கும்போதெல்லாம் பெட்டியின் மூடியைத் திறந்தே வையுங்கள். தண்ணீரில் இறக்கி, பெட்டி குளிர்ந்தபிறகு மூடுங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று சோர்ந்துவிட்டது

பின்னால் களகளவென்று குடம் நிரம்புகிற சத்தம் கேட்கிறதா? நீங்கள் பின்னால் உட்கார்ந்து பின்பலகையைத் தண்ணீரில் அமிழ்த்துகிறீர்கள். ஒரு சாண் முன்னால் நகருங்கள். சத்தம் நிற்கும் இடம்தான் உங்கள் இடம்.

சத்தம் இல்லை என்றால் ஆகாயத்தாமரை வேரோ பாசியோ சிக்கியிருக்கும். நடுப்பலகையை ஒருமுறை தூக்கி இறக்குங்கள், சுக்கானையும். வலை சிக்கியது என்றால் இழுக்காதீர்கள். பாயை இறக்கி, பலகையைத் தூக்கி, கையால் விடுவியுங்கள். அது ஒருவருடைய அன்றாடச் சோறு.

கரை ஓரமாகப் போகிறீர்கள் என்றால் காற்றையே கரை மறைத்திருக்கும். காற்று கரையைத் தாண்டி வரும் பக்கத்தில், கரையும் பனைமரமும் சேர்ந்த உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்று செத்துக் கிடக்கும். 40 அடிப் பனை என்றால் 400 அடி. நடு ஏரிக்குப் போங்கள்.

கவிழ்ந்துவிட்டது

உயிர் காப்புச் சட்டை போடாதவரை நாங்கள் படகில் ஏற்றுவதில்லை, நீச்சல் வீரராகவே இருந்தாலும். ஏரி ஆழமில்லை என்று நினைப்பீர்கள். மண் அள்ளிய குழிகள் மட்டத்தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் அளவில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரே அடியில் இரண்டாள் ஆழம் வரும். காலில் ஷூ இருக்கட்டும், சீமைக்கருவேல முள் தண்ணீரில் ஊறினாலும் மழுங்குவதில்லை.

படகைவிட்டு நீந்திப் போகாதீர்கள். பாய்க்கயிற்றை முதலில் அவிழ்த்துவிடுங்கள். முன்முனையைக் காற்றுப் பக்கம் திருப்பிவிட்டு, நடுப்பலகையில் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துச் சாய்ந்தால் படகு நிமிரும். நிமிரவில்லை என்றால் பாய்மரத்தின் முனை அடி வண்டலில் குத்தியிருக்கும். நம் ஏரிகளில் இது அடிக்கடி நடப்பது. மேலும் மேலும் நெம்பினால் மூங்கில் முறியும். படகைப் பிடித்துக்கொண்டு நீந்தி முன்முனையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள், மரம் வந்த வழியே உருவிக்கொண்டு வரும். மரத்தின் உச்சியில் இரண்டு லிட்டர் காலி பாட்டில் ஒன்றை மூடி இறுக்கிக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

நிமிர்ந்த படகில் அள்ள அள்ளத் தண்ணீர் குறையவில்லையா? நடுப்பலகைப் பெட்டியின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் ஏரியையே இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாயில் துண்டைத் திணித்துவிட்டு அள்ளுங்கள். அடுத்த தடவைக்கு மிதப்பைக் கூட்டுங்கள். மூடிய ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். 20 லிட்டர் கேன் நாலு என்றால் 80 கிலோ. சும்மா போட்டுவைத்தால் மிதந்து போய்விடும், வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். அள்ளுவதற்கு அடியை வெட்டிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், அதுவும் கயிற்றில் கட்டியது.

கோடையில் மலைப்பக்கம் வானம் கறுத்து இடி கேட்டால் எந்தச் சோதனையும் வேண்டாம். பாயை இறக்கி, உடனே கரை. திறந்த ஏரியில் உயரமாக நிற்பது உங்கள் பாய்மரம் ஒன்றுதான்.

எல்லாம் சரி, காற்றுதான் இல்லை

தை மாதக் காலையில் ஒன்பது, பத்து மணிவரை ஏரி கண்ணாடியாகக் கிடக்கும். தரை சூடானபிறகுதான் கிழக்கிலிருந்து மெல்ல அசையும். ஆடியில் அம்மி பறக்கிற அளவுக்குக் காற்று இருக்கும், ஏரியில்தான் தண்ணீர் இருக்காது. மெல்லிய காற்றில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, படகைக் காற்று போகும் பக்கமாகச் சற்றே சாய்த்து வையுங்கள். பாய் தன் எடையிலேயே தொங்கி வயிறு பிடித்துக்கொள்ளும். அசையாமல் இருங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் துடுப்பு. போன வருஷம் நான் அதைக் கரையிலேயே மறந்துவிட்டுப் போய் நடு ஏரியில் உட்கார்ந்திருந்தேன். அதே பெரியவர் தெர்மாகோல் தெப்பத்தில், இரண்டு கையிலும் அலுமினியத் தட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். படகை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"கயிறு கீதா? குடு" என்றார்.